ஜின்ஜாவுக்கு வேலைக்கு வர்றவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் உகாண்டால ஜின்ஜாங்கிற ஊர்ல 2018லேர்ந்து இருக்கேன், ஒரு ஃபேக்டரில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், சொந்த ஊரு விருதுநகர் பக்கம். மாசத்துக்கு ரெண்டு பேராவது யாரோ ஒருத்தர்கிட்ட என் நம்பரை வாங்கி வாட்ஸப்ல வந்துடுறாங்க, எல்லாருக்கும் அதே சந்தேகம்தான். டைப் பண்ணி டைப் பண்ணி கை வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்டபடியே போட்டிருக்கேன், பதில் என் அனுபவம், தலைநகர் கம்பாலால இருக்கறவருக்கு வேற மாதிரி தோணலாம்.

அண்ணே, ஜின்ஜான்னா ஊரா காடா? கூகுள்ல பாத்தா வெறும் தண்ணியும் படகுமா வருது

ஊருதான். கம்பாலாலேர்ந்து கிழக்க 80 கிலோமீட்டர், விக்டோரியா ஏரிலேர்ந்து நைல் நதி வெளிய கெளம்புற எடம், அதனாலதான் படகு போட்டோவா வருது. 1862ல ஸ்பீக்ங்கற வெள்ளைக்காரர் இங்க வந்து இதுதான் நைலோட தொடக்கம்னு சொன்னாரு. அவரு பாத்த ரிப்பன் அருவி இப்ப இல்ல, 1954ல அணை திறந்தப்போ முங்கிப் போச்சு. 2020 ஜூலைலதான் சிட்டின்னு அறிவிச்சாங்க, ஆனா நம்ம கணக்குல ஒரு நடுத்தர டவுன், மெயின் ஸ்ட்ரீட்டை இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடந்தே போயிடலாம். நான் வந்த வருஷம்தான் நைல் மேல கம்பி வடம் வச்சு கட்டுன புதுப் பாலத்தைத் திறந்தாங்க.

வெயில் பத்தி கேக்கவே வேணாம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருந்தாலும் கடல் மட்டத்துலேர்ந்து ஆயிரத்து நூறு மீட்டருக்கு மேல இருக்கறதால விருதுநகர்க்காரனுக்கு இது கொடைக்கானல் அடிவாரம் மாதிரி. மார்ச்லேர்ந்து மே ஒரு மழை, செப்டம்பர் அக்டோபர்லேர்ந்து நவம்பர் இன்னொரு மழை. ஒரு ஸ்வெட்டர் போதும்.

டூரிஸ்ட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு ஏஜெண்ட் சொல்றாரு, சரியா வருமா ப்ரோ?

வராதுன்னே வச்சுக்கோங்க. டூரிஸ்ட் விசா 50 டாலர், ஆன்லைன்லயே கிடைச்சிடும், அதனாலதான் ஏஜெண்ட்டுக்கு அது சுலபம். ஆனா அதுல வேலை பாக்கறது சட்டப்படி தப்பு, மாட்டினா அபராதம், திருப்பி அனுப்பறது எல்லாம் உங்க தலைல, ஏஜெண்ட் ஃபோனே எடுக்க மாட்டாரு. கம்பெனி ஒர்க் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணி, அப்ரூவல் பேப்பர் உங்க கைக்கு வந்தப்புறம் டிக்கெட் போடுங்க. பெர்மிட் ஃபீஸ் யாரு கட்றாங்கன்னு ஆஃபர் லெட்டர்லயே எழுதி வாங்கிக்கோங்க, வாய்ப்பேச்சுல வேணாம், அது சின்ன தொகை இல்ல.

மஞ்சக்காய்ச்சல் ஊசி கண்டிப்பா போடணுமா? எங்க போடறது?

கண்டிப்பா. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க, மஞ்சக் கலர்ல ஒரு சின்ன புக் குடுப்பாங்க, ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் அது செல்லும், அதனால கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்.

எல்லாரும் மறக்கறது என்னன்னா, இங்கேர்ந்து லீவுக்கு ஊருக்கு திரும்பும்போதும் அந்த புக் வேணும். இல்லேன்னா நம்ம ஊரு ஏர்போர்ட்லயே 6 நாள் வரைக்கும் தனியா அடைச்சு வைப்பாங்க. பாஸ்போர்ட் உறைக்குள்ளயே சொருகி வச்சிடுங்க.

கையில எவ்ளோ டாலர் கொண்டு வரணும்? ரூபா மாத்த முடியுமா?

ரூபா வேணாம், டாலர் கொண்டு வாங்க, எல்லாம் புது நோட்டா, 100 டாலர் நோட்டா இருக்கட்டும். பழைய வருஷத்து நோட்டு, மடிப்புல கிழிஞ்சது, பேனாக்கிறுக்கல் இருக்கறது எதையும் வாங்க மாட்டாங்க, 5 டாலர் 10 டாலர் நோட்டுக்கு ரேட்டும் கம்மியா குடுப்பாங்க. மொத சம்பளம் வர்ற வரைக்கும் ஒரு மாசச் செலவு இருந்தா போதும்.

ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய நாப்பது ஷில்லிங். மொத வாரம் எல்லாரும் லட்சாதிபதி மாதிரி நெனச்சுட்டு செலவு பண்ணுவாங்க. இருக்கறதுலயே பெரிய நோட்டு 50,000, அதோட மதிப்பு ஆயிரத்து சொச்சம் ரூபாதான்.

மொபைல் மணி மொபைல் மணின்னு எல்லாரும் சொல்றாங்களே, ஜிபே மாதிரியா?

கிட்டத்தட்ட, ஆனா இது பேங்க் அக்கவுண்ட்ல ஒட்டிக்கிட்டு இல்ல, சிம்லயே காசு இருக்கும். பாஸ்போர்ட் காட்டி சிம் வாங்குனீங்கன்னா அதுலயே ஓபன் பண்ணிக் குடுத்துடுவாங்க. தெருவுக்கு நாலு பெட்டிக்கடை, எம்டிஎன்னா மஞ்சள், ஏர்டெல்லா இருந்தா சிவப்பு, அங்க காசு குடுத்தா ஃபோன்ல ஏறும், ஃபோன்ல அனுப்புனா காசு தருவாங்க. சாதா பட்டன் ஃபோன்லயும் வேலை செய்யும், தக்காளி விக்கற அம்மாகிட்ட கூட இருக்கு.

ஜிபே மாதிரி ஓசி இல்ல, ஒவ்வொரு தடவைக்கும் சார்ஜ் உண்டு, வெளிய எடுக்கும்போது அரசாங்க வரி வேற 0.5 சதவீதம். அப்புறம் தெரியாத ஆள் கூப்பிட்டு உங்க நம்பருக்கு தப்பா காசு அனுப்பிட்டேன் திருப்பி அனுப்புங்கன்னு அழுதா, மெசேஜை நம்பாதீங்க, பேலன்ஸ் பாருங்க. மெசேஜ் போலியா இருக்கும். நான் ஏமாந்தது 80,000 ஷில்லிங், வீட்ல இன்னும் சொல்லிக் காட்டறாங்க.

இட்லி தோசைக்கு வழி இருக்கா? இல்ல அஞ்சு வருஷம் பிரட்தானா?

இருக்கு சார். துவரம்பருப்பு, உளுந்து, பெருங்காயம், கடுகு எல்லாம் இங்க இருக்கற குஜராத்திக் கடைங்கள்ல கிடைக்கும். இட்லி அரிசின்னு தனியா கிடைக்கறது கஷ்டம், இங்க கிடைக்கற அரிசியவே மாத்தி மாத்தி ஊறப்போட்டு நம்மளே ஒரு கணக்குக்கு வரணும், எங்க வீட்டு கணக்கு மூணரைக்கு ஒண்ணு. கறிவேப்பிலை பழைய இந்திய வீட்டு காம்பவுண்டுல மரமா நிக்குது, போய் நல்லபடியா கேட்டா ஒடிச்சுத் தருவாங்க. தேங்காய்தான் வெலை ஜாஸ்தி. இந்த நாட்டுக்கு கடலே கெடையாது, கென்யா தான்சானியா கரையிலேர்ந்து வரணும். மொத ஆறு மாசம் எனக்கு வீட்டு நெனப்பு வந்ததெல்லாம் தேங்காச் சட்னியாலதான்.

வாழைப்பழத்துக்கு நம்ம ஊரை விட இங்க கொடுத்து வச்சவங்க. சின்னதா தேன் மாதிரி இருக்கறது ண்டீஸி, நம்ம ஏலக்கி ஜாதி. பெருசா இருக்கறது போகோயா. சுட்டுத் திங்கறது கோஞ்சா, நேந்திரம் மாதிரி. பச்சையா வாங்கி அவிச்சு மசிக்கிறது மடோக்கே, இதுதான் இங்க சோறு, பக்கத்துல நிலக்கடலை அரைச்ச குழம்பு ஊத்திக் குடுப்பாங்க, தயவுசெஞ்சு மொத நாளே மூஞ்சி சுளிக்காதீங்க, மிளகாயும் உப்பும் கொஞ்சம் தூக்கலா இருந்தா நம்ம ஆளுக்கு நல்லாவே எறங்கும். டோடோன்னு ஒரு கீரை விப்பாங்க, அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம தண்டுக்கீரை வகைதான். மரவள்ளி, சக்கரவள்ளி, பலா, பட்டர் ஃப்ரூட் எல்லாம் மலிவு.

ரோட்டோரம் ரோலெக்ஸ்னு போர்டு இருந்தா வாட்ச் கடைன்னு நெனைக்காதீங்க. முட்டை ஆம்லெட்டை சப்பாத்தில சுருட்டித் தர்றது, ரோல்டு எக்ஸ்ங்கறதுதான் ரோலெக்ஸ் ஆயிடுச்சு. சப்பாத்தி இந்த நாட்டுக்கு வந்ததே ரயில் பாதை போட வந்த நம்ம நாட்டு ஆளுங்களாலதான், சம்பூசா, பஜியா, சாய் எல்லாமே அந்த வழிதான். பேச்சிலர்ஸ் பாதி பேர் ராத்திரிக்கு இதுலதான் உயிர் வாழறாங்க. மீன் சாப்புடுறவங்களுக்கு ஏரித் திலாப்பியா இருக்கு, காலைல புடிச்சது, மஞ்சத்தூள் தடவி வறுத்தா வேற எதுவும் வேணாம். நவம்பர் வாக்குல பொரிச்ச வெட்டுக்கிளிய பொட்டலம் போட்டு விப்பாங்க, ஆசையா நீட்டுவாங்க, நான் ஒண்ணே ஒண்ணு தின்னேன், பொரிச்ச நெத்திலி மாதிரி இருந்துச்சு, அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க.

கரண்ட், தண்ணி, நெட் எப்படி?

அணை ஊருக்குள்ளயே இருக்கு, ஆனாலும் கரண்ட் போகும். மழை பெரிசா அடிச்சா போகும், மரம் சாஞ்சா போகும், சில நாள் காரணமே இல்லாம போகும். வோல்டேஜ் 240தான், நம்ம மிக்ஸி கிரைண்டர் அப்படியே ஓடும், பிளக் மட்டும் மூணு சதுரக் காலு வச்சது, அடாப்டர் இங்கயே வாங்கிக்கலாம். மீட்டர் யாகான்னு சொல்லுவாங்க, முன்னாடியே காசு கட்டி 20 நம்பர் டோக்கன் வாங்கி மீட்டர்ல அடிக்கணும். மேல சொன்ன மொபைல் மணிலயே வாங்கலாம். 2025 மார்ச் கடைசில, கரண்ட் குடுத்துட்டிருந்த உமேமேங்கிற தனியார் கம்பெனியோட ஒப்பந்தம் முடிஞ்சு அரசாங்க நிறுவனம் எடுத்துக்கிச்சு, ஆனா ஊர்ல எல்லாரும் இன்னும் யாகான்னுதான் சொல்றாங்க.

தண்ணிய கொதிக்க வச்சுக் குடிங்க. நெட்டு பரவால்ல, வீடியோ கால் போகும். ஃபேஸ்புக் மட்டும் 2021 ஜனவரி தேர்தல் சமயத்துல முடக்கினாங்க, அந்த சமயத்துல சில நாள் மொத்த இன்டர்நெட்டும் இல்ல. வீட்டுக்கு முன்னாடியே சொல்லி வைங்க, தேர்தல் நேரத்துல ஆன்லைன்ல காணோம்னா ஆளைக் காணோம்னு அர்த்தம் இல்லன்னு, எங்கம்மா அந்த வாரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மலேரியா பயமா இருக்குண்ணா. கைக்குழந்தையோட வரலாமா?

பயப்படறதை விட மரியாதை குடுத்து வச்சுக்கோங்கம்மா. கொசுவலைய ராத்திரி ஒரு நாள் கூட விடாதீங்க, ஜன்னலுக்கு வலை அடிச்ச வீடா பாருங்க. கைக்குழந்தைன்னா கெளம்பறதுக்கு முன்னாடியே குழந்தை டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, அதுல நான் சொல்றது செல்லாது.

பெரியவங்களுக்கு சொல்றேன். இங்க காய்ச்சல்னா மொத சந்தேகம் மலேரியா, அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும், விரல்ல ஒரு சொட்டு, கால் மணி நேரத்துல தெரிஞ்சிடும். பாசிட்டிவ்னா வழக்கமா குடுக்கறது கோஆர்ட்டெம், வேளைக்கு 4 மாத்திரை, 3 நாள்ல 6 வேளை, கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட. ரெண்டாவது நாளே உடம்பு லேசாயிடும், அப்ப நிறுத்திடறதுதான் நம்ம ஆளுங்க பண்ற தப்பு, முழுசா முடிக்கணும். ஜின்ஜால அரசு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, தனியார் கிளினிக்கும் இருக்கு, ரொம்ப முடியலேன்னா கம்பாலா போயிடறதுதான் வழக்கம், அதனால கம்பெனி இன்சூரன்ஸ்ல கம்பாலா ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கான்னு பாத்துக்கோங்க.

இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க: லீவுக்கு ஊருக்குப் போயி மூணு மாசத்துக்குள்ள எப்ப காய்ச்சல் வந்தாலும், டாக்டர் கேக்கலேன்னாலும் 'நான் ஆப்பிரிக்காலேர்ந்து வந்திருக்கேன், மலேரியா டெஸ்ட் பண்ணுங்க'ன்னு சொல்லுங்க. இங்க வர்றது ஃபால்சிபாரம் ஜாதி, மூளைக்குப் போற வகை. வைரல் ஃபீவர்னு ரெண்டு நாள் பாராசிட்டமால் போட்டு ஒக்காந்திருக்கற நேரம் அதுல கெடையாது.

ஏரில குளிக்கலாமா? நீச்சல் தெரியும்

நீச்சல் பிரச்சனை இல்ல, நத்தைதான் பிரச்சனை. கரையோரம் நாணல் இருக்கற எடத்துல ஒரு சின்ன நத்தை இருக்கும், அதுலேர்ந்து வர்ற புழு தோல் வழியா உள்ள போயிடும், பில்ஹார்சியான்னு பேரு. அப்ப ஒண்ணும் தெரியாது, மாசக்கணக்கு கழிச்சு வயித்துல காட்டும். மருந்து இருக்கு, பிரசிகுவாண்டல், டாக்டர் பாத்து எழுதிக் குடுப்பாரு. எறங்கினீங்கன்னா ரெண்டு மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துக்கோங்க. நான் கரைல நின்னு வேடிக்கை பாக்கற ஆளு.

டாக்ஸின்னு சொன்னாங்க, பாத்தா நம்ம ஊரு ஷேர் ஆட்டோ மாதிரி ஆளை அடைக்கறாங்களே?

இங்க டாக்ஸின்னா 14 சீட்டு வேன்தான், வெள்ளைல நீலக் கட்டம் போட்டிருக்கும், நெறஞ்சாதான் கெளம்பும். நம்ம ஊரு டாக்ஸி மாதிரி வேணும்னா 'ஸ்பெஷல் ஹையர்'னு கேக்கணும். எறங்க வேண்டிய எடம் வந்தா 'மாசோ அவோ'ன்னு குரல் குடுங்க, முன்னாடி நிறுத்துன்னு அர்த்தம், வண்டியே திரும்பிப் பாத்து சிரிக்கும்.

ஊருக்குள்ள எல்லாத்துக்கும் போடா போடாதான், பைக் டாக்ஸி. ஒரு காலத்துல கென்யா எல்லைல 'பார்டர் பார்டர்'னு கூவி சைக்கிள்ல ஆள் ஏத்தினதுலேர்ந்து வந்த பேரு. ஏறுறதுக்கு முன்னாடி ரேட் பேசிடுங்க, ராத்திரில தெரிஞ்ச ஆளை மட்டும் கூப்பிடுங்க, ஹெல்மெட் சொந்தமா வச்சுக்கோங்க. என் போடாக்காரர் ஏழு வருஷமா ஒரே ஆளு, எங்க வீட்டு சாம்பார் வாசனைய வச்சே இன்னிக்கு சனிக்கிழமைன்னு சொல்லுவாரு.

கம்பாலா போற ரோடு ஒத்த ரோடு, மொம்பாசா துறைமுகத்துலேர்ந்து வர்ற லாரியெல்லாம் அதுலதான், 80 கிலோமீட்டருக்கு சில நாள் நாலு மணி நேரம் ஆயிடும். ஃப்ளைட் புடிக்கணும்னா முந்தின நாளே போயி ஏர்போர்ட் இருக்கற என்டெபி பக்கம் தங்கிடுங்க. வழில நமவோஜோலோங்கிற எடத்துல வண்டி நின்ன உடனே கோழிக்குச்சியும் சுட்ட கோஞ்சாவும் ஜன்னலுக்குள்ள நீட்டுவாங்க, வாங்கிச் சாப்புடுங்க. அணை பக்கம் போகும்போது மட்டும் கேமராவ வெளிய எடுக்காதீங்க, அங்க போட்டோ எடுக்க தடை, ஆர்மி நிக்கும், ஃபோனைப் புடுங்கினா அந்த நாள் போச்சு.

பாஷை கத்துக்கிட்டு நம்பர்லாம் படிச்சேன், 'ஸாவா பிரி'ன்னா ரெண்டு மணிதானே, ரெண்டு மணிக்குப் போனா ஆளையே காணோம்ணே

காலைல எட்டு மணிக்கே வந்து காத்திருந்துட்டுப் போயிருப்பாரு! இங்க லுகாண்டா, சுவாஹிலில மணியை சூரியன் உதிச்சதுலேர்ந்து எண்ணுவாங்க. நம்ம ஏழு மணி அவங்களுக்கு ஒண்ணு, எட்டு மணி ரெண்டு. பூமத்திய ரேகைல வருஷம் பூரா சூரியன் ஆறரை ஏழுக்குள்ள வந்துடும், அதனால அந்தக் கணக்கு மாறவே மாறாது. நம்ம பஞ்சாங்கத்துல உதயாதி நாழிகைன்னு போடறதும் இதே யோசனைதானே, எங்க தாத்தா உயிரோட இருந்தா டக்குனு புடிச்சிருப்பாரு.

குறுக்கு வழி: கடிகாரத்துல சின்ன முள்ளுக்கு நேர் எதிர்ல என்ன நம்பர் இருக்கோ அதுதான் அவங்க மணி. ஆபீஸ்ல இங்கிலீஷ்ல பேசும்போது நம்ம மணியேதான். லுகாண்டால சொன்னா மட்டும் ஆறைக் கூட்டிக்கோங்க.

இங்கிலீஷே எல்லாருக்கும் தெரியுதே, லோக்கல் பாஷை எதுக்கு?

கடைக்குப் போனதும் 'தக்காளி எவ்ளோ'ன்னு ஆரம்பிக்கறோம் பாருங்க, அது இங்க மரியாதைக் குறைவு. மொதல்ல குசலம். காலைலன்னா 'வசுஸே ஓத்யா', ராத்திரி எப்படி இருந்துச்சு. வேலை செஞ்சிட்டு இருக்கறவரைப் பாத்தா 'ஜெபலே கோ', அதாவது உங்க உழைப்புக்கு நன்றி, ரோடு கூட்டறவர்லேர்ந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் சொல்லலாம், தமிழ்ல இதுக்கு ஒரு வார்த்தை இல்லையேன்னு எனக்கு ஏக்கமே உண்டு. ஆம்பளைன்னா ஸெபோ, பொம்பளைன்னா ஞாபோ சேத்துக்கோங்க. இங்க மண்ணின் பாஷை லுசோகா, அதுல 'கோதேயோ'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மார்க்கெட்டே கை தட்டும். அதுக்கப்புறம் தக்காளி வெலை கேளுங்க, வெலையும் வேற மாதிரி இருக்கும்.

சில பொம்பளைங்க, வயசுல மூத்தவங்க கூட, முட்டி போட்டு வணக்கம் சொல்லுவாங்க. மொத தடவை எங்க வீட்டு வேலைக்கு வந்த அம்மா முட்டி போட்டப்போ என் வீட்டுக்காரி பதறிப்போயி தானும் முட்டி போட்டுட்டா. அடிமைத்தனம் கெடையாது, அவங்க வளர்ந்த முறை, பெரியவங்க கால்ல நம்ம விழறோமில்ல அந்த மாதிரி. பதறாம நின்னு, குனிஞ்சு, நல்லா பதில் சொன்னா போதும்.

ரோட்ல போனா குழந்தைங்கல்லாம் 'முயிண்டி'ன்னு கத்துதுங்க, திட்டறாங்களா?

முயிண்டின்னா இந்தியன், அவ்ளோதான், வெள்ளைக்காரரை முசுங்குன்னு கூப்பிடற மாதிரி. கையைக் காட்டிட்டுப் போங்க.

நம்ம ஆளுங்க இவங்களை வீட்டுக்குள்ள எப்படிக் கூப்பிடறாங்கன்னு யோசிச்சா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. தமிழ்ல பேசினா புரியாதுன்னு நெனச்சு 'அந்தக் கருப்பன்'னு சர்வசாதாரணமா சொல்றவங்களை தெனமும் பாக்கறேன், சொல்றவரு கலரு என்னவோ என்னை மாதிரிதான் இருக்கும். குரல்ல இருக்கறது புரியறதுக்கு பாஷை வேணாம். வட இந்திய ஆளுங்ககிட்ட வேலை பாத்தவங்களுக்கு, நம்மளைக் கருப்பன்னு கூப்பிடற 'காலூ'ன்னா என்னன்னு நல்லாவே தெரியும்.

1972ல இந்தியர்களை எல்லாம் துரத்திட்டாங்களாமே, இப்ப சேஃபா?

ஆமா, 1972 ஆகஸ்ட்ல இடி அமீன் 90 நாள் கெடு குடுத்து ஆசியாக்காரங்களை வெளியேத்தினாரு. ஜின்ஜா அப்ப பாதி குஜராத்தி ஊரு மாதிரி, இப்பவும் மெயின் ஸ்ட்ரீட்ல நடந்தீங்கன்னா பழைய கட்டடத்து நெத்தில குஜராத்திப் பேரும் கட்டின வருஷமும் இருக்கும். வீட்டையும் கடையையும் அப்படியே போட்டுட்டுப் போனாங்க. 1986ல முசெவெனி அதிபரா வந்தப்புறம் திரும்பக் கூப்பிட்டு சொத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. 1948ல காந்தி அஸ்தியில ஒரு பங்கை நைல் தொடங்கற எடத்துலதான் கரைச்சாங்க, சிலை இருக்கு, 1997ல நம்ம பிரதமரா இருந்த குஜ்ரால் வந்து திறந்து வச்சாரு.

சேஃப் தான். திருட்டு உண்டு, அதனால எல்லா வீட்டுக்கும் உயர மதில், கம்பி, துப்பாக்கி வச்ச அஸ்காரி, அதாவது வாட்ச்மேன், பாத்தா மிரண்டுடாதீங்க. இருட்டினப்புறம் ஃபோனைக் கைல ஆட்டிக்கிட்டு நடக்காதீங்க. ஆனா 1972ஐ கேக்கறவங்க உண்மைல கேக்கறது வேற, நம்மளை இவங்களுக்குப் புடிக்குமா புடிக்காதாங்கறது. இந்த ஊரு சோகா இனத்து வயசானவர் ஒருத்தர் என்கிட்ட சொன்னாரு, போனவங்க இல்லாம ஊரு இருண்டு போச்சுன்னும் சொன்னாரு, அதே மூச்சுல அவங்க கடைல எங்கப்பா கல்லாவுக்கு இந்தப் பக்கமேதான் நின்னாருன்னும் சொன்னாரு. ரெண்டும் நெசம்.

வேலைக்காரங்க எல்லாரும் அட்வான்ஸ் கேக்கறாங்க, ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வர்றாங்க, என்ன பண்றது?

எந்த மாசம் கேக்கறாங்கன்னு கவனிங்க. இங்க பள்ளிக்கூடம் பிப்ரவரில தொடங்கி மூணு டெர்ம், ஒவ்வொரு டெர்ம் தொடக்கத்துலயும் ஃபீஸ் கட்டலேன்னா புள்ளைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அட்வான்ஸ் கூட்டம் அந்த மூணு சமயத்துலதான் வரும். நான் பண்றது, டெர்முக்கு ஒரு தடவை, ஃபீஸ் சீட்டைக் காட்டணும், மூணு மாசத்துல புடிச்சுக்குவேன், இதை வேலைக்கு சேரும்போதே சொல்லிடுவேன். அதுக்கப்புறம் தலைவலி பாதியாச்சு.

என் பசங்க 6வதும் 10வதும், ஸ்கூல் எப்படி?

ஆறாவது புள்ளைக்குப் பிரச்சனை இல்ல, இங்க நல்ல இன்டர்நேஷனல் ஸ்கூல் இருக்கு. பத்தாவது புள்ளைய நடுவுல மாத்தாதீங்க. மேல சொன்ன மாதிரி உள்ளூர் ஸ்கூலுக்கு வருஷம் பிப்ரவரிலேர்ந்து டிசம்பர், நம்ம ஜூன் கணக்கோட ஒட்டாது, பாடத்திட்டமும் வேற. நம்ம சிபிஎஸ்இ வேணும்னா கம்பாலாலதான், ஜின்ஜாலேர்ந்து தெனம் போய்வர முடியாது. எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேரு இந்தக் காரணத்துக்காகவே குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு வந்திருக்காங்க.

ஸ்டாஃப் வீட்ல சாவுன்னா எல்லாரும் லீவு கேக்கறாங்க, தூரத்து சொந்தத்துக்கெல்லாம். நம்மளும் போகணுமா சார்?

போங்க. இங்க பொணத்தை சொந்த கிராமத்து மண்ணுலதான் பொதைப்பாங்க, எவ்ளோ தூரமா இருந்தாலும். ஆபீஸ்லேர்ந்து வண்டி வச்சுப் போவாங்க, கவர்ல காசு போட்டுக் குடுப்பாங்க. தூரத்து சொந்தம்னு நம்ம சொல்றது அவங்களுக்கு அப்பாவோட அண்ணன், அதாவது அப்பாவேதான், பெரியப்பான்னு கூப்பிடற நமக்கு இது புரியாமப் போகக் கூடாது.

நான் மொத வருஷம் தப்பு பண்ணினேன். டிரைவரோட அம்மா எறந்துட்டாங்க, எனக்கு மன்த் எண்ட் க்ளோசிங், காசு மட்டும் குடுத்து விட்டுட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் மூணு நாலு மாசம் எனக்கு எந்த ஃபைலும் சீக்கிரம் வரல, டீ கூட ஆறித்தான் வரும். 2021ல எங்கப்பா எறந்தப்போ கொரோனா, ஊருக்குப் போக முடியல. சாயங்காலம் மொத்த டிபார்ட்மென்ட்டும் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு, கவர்ல 10,000மும் 5,000முமா, அந்த டிரைவர்தான் முன்னாடி. என்ன பேசறதுன்னு தெரியாம எல்லாரும் ரொம்ப நேரம் சும்மா ஒக்காந்திருந்தாங்க.

சம்பளத்துல புடிக்கறது போக கைல என்ன நிக்கும்?

வருமான வரி மாசச் சம்பளத்துல 410,000 ஷில்லிங்குக்கு மேல போற பகுதிக்கு 30 சதவீதம், ரொம்பப் பெரிய சம்பளத்துக்கு 40 வரைக்கும் போகும். அதுக்கு மேல என்எஸ்எஸ்எஃப், நம்ம பிஎஃப் மாதிரி, உங்ககிட்டேர்ந்து 5, கம்பெனி 10. நாட்டை விட்டு ஒரேயடியா போகும்போது அதைத் திரும்ப வாங்கலாம், நெறைய பேரு தெரியாம விட்டுட்டுப் போறாங்க, நம்பரையும் ஸ்டேட்மென்ட்டையும் பத்திரமா வைங்க. சம்பளம் டாலர்லயா ஷில்லிங்லயா, வரி போகவா வரி சேத்தான்னு ஆஃபர்லயே கேளுங்க. 'நெட்'டுன்னு ஒரு வார்த்தை இல்லாம கையெழுத்து போட்டுட்டு இங்க வந்து அழுதவங்களைப் பாத்திருக்கேன்.

நம்ம ஆளுங்க இருக்காங்களா? பொங்கல் தீபாவளி?

ஜின்ஜால விரல் விட்டு எண்ணலாம், கம்பாலால நெறைய, பொங்கலுக்குக் கூடுவாங்க. கரும்பு இங்க ரோடு முழுக்க, லாரிலேர்ந்து விழறதே நமக்குப் போதும். கோயில் இருக்கு, குஜராத்தி முறை.

எல்லாம் படிச்சிட்டேன்ணே. வீட்ல கேக்கறா, ஒரே வார்த்தைல சொல்லுங்க, வரலாமா வேணாமா?

ஒரு வார்த்தைல எப்படி சொல்ல. பத்தாவது பன்னெண்டாவது புள்ள இருந்தா நீங்க மட்டும் வாங்க. வயசான அப்பா அம்மா உடம்பு முடியாம இருந்தா யோசிங்க, மேல சாவு பத்தி எழுதினதுல என் கதைய படிச்சீங்கல்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எங்க போறதுன்னு கேக்கற ஆளா இருந்தா கம்பாலால வேலை தேடுங்க. இதெல்லாம் இல்லேன்னா வாங்க, மொத வாரம் நம்ம வீட்லதான் சாப்பாடு. வரும்போது மிக்ஸி ஜாருக்கு வாஷர் நாலும் குக்கர் கேஸ்கெட் ரெண்டும் எடுத்துட்டு வாங்க, உங்களுக்குப் பாதி எனக்குப் பாதி, இங்க கிடைக்கவே மாட்டேங்குது.